புவியிணைப்பு வளையம் (நிகழ்படம்)

புவியிணைப்பு வளையம் அல்லது கிரவுண்ட் லூப் என்பது, வடத்தால் இணைக்கப்பட்ட இரு மின்கருவிகள் வெவ்வேறு இடங்களில் புவியிணைப்புப் பெறும்போது உருவாகும் மூடிய மின்சுற்று ஆகும். கண்காணிப்புக் கேமரா, கேபிள் தொலைக்காட்சி போன்ற நிகழ்படப் பகிர்வு அமைப்புகளில் இது படத்தைக் கெடுக்கிறது.

== காரணம் ==

ஒரு கட்டடத்தின் இரு புவியிணைப்புப் புள்ளிகளுக்கிடையே சிறிய மின்னழுத்த வேறுபாடு இருப்பது இயல்பு. கோஆக்சியல் வடத்தின் உலோக வலை உறை அவ்விரு புள்ளிகளையும் இணைப்பதால், அதன் வழியே 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் பாய்கிறது. அவ்வுறையே குறிகையின் திரும்பு வழியும் ஆகும். ஆகவே உறையில் ஏற்படும் மின்னழுத்த வீழ்ச்சி குறிகையுடன் சேர்ந்துவிடுகிறது. பால் முறை நிகழ்படக் குறிகை மொத்தம் 1 வோல்ட் மட்டுமே. இதில் படப்பகுதி 0.7 வோல்ட், ஒத்திசைவுத் துடிப்பு 0.3 வோல்ட். எனவே சில நூறு மில்லிவோல்ட் இரைச்சலே படத்தைச் சிதைக்கப் போதுமானது.

== அறிகுறிகள் ==

திரையில் கிடைமட்டமான கரிய அல்லது வெளிறிய பட்டை தோன்றி மெல்ல நகரும். என்டிஎஸ்சி வண்ண முறையில் நொடிக்கு 59.94 புலங்கள், மின்வழங்கல் 60 ஹெர்ட்ஸ். இச்சிறு வேறுபாட்டால் பட்டை ஏறத்தாழ 17 நொடிகளில் திரையை ஒருமுறை கடக்கும். 50 ஹெர்ட்ஸ் மின்வழங்கலுடன் கூடிய பால் முறையில் அது மிக மெதுவாக நகரும் அல்லது நின்றவாறே இருக்கும். இரண்டு பட்டைகள் தெரிந்தால், மின்வழங்கிக் கருவியின் வடிகட்டி மின்தேக்கி பழுதடைந்திருக்கலாம்.

== கண்டறியும் முறை ==

# வடங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, எதைக் கழற்றும்போது பட்டை மறைகிறது எனக் காண்க.
# மின்கலத்தில் இயங்கும் சிறு திரையைக் கேமராவின் அருகிலேயே இணைத்துப் பார்க்க. அங்கு படம் தெளிவாக இருந்தால் கேமரா பழுதன்று.
# கழற்றிய வடத்தின் உறைக்கும் கருவியின் இணைப்பி உறைக்கும் இடையே மாறுமின்னழுத்தத்தை மல்டிமீட்டரால் அளக்க. பத்துக்கணக்கான வோல்ட் காட்டினால் எதையும் தொடாமல் மின்பணியாளரை அழைக்க வேண்டும்.
# கேமராவின் உடல் இரும்புக் கம்பத்தையோ, இணைப்பி உலோகக் குழாயையோ தொடுகிறதா எனப் பார்க்க. கவனத்துக்குத் தப்பும் இரண்டாம் புவியிணைப்பு பெரும்பாலும் இதுவே.

== தீர்வுகள் ==

* குறிகையை ஒரு முனையில் மட்டும் புவியிணைத்தல். கேமராவுக்கும் கம்பத்துக்கும் இடையே மின்கடத்தாப் பொருள் வைத்தல்.
* எல்லாக் கருவிகளுக்கும் ஒரே இடத்திலிருந்து மின்சாரம் வழங்குதல்.
* நிகழ்படப் பிரிப்பு மின்மாற்றி அல்லது வேறுபாட்டுப் பெருக்கியை இணைத்தல்.
* மின்கடத்தாத ஒளியிழை வடத்துக்கு மாறுதல்.

ஈத்தர்நெட் இணைப்பில் இரு முனைகளிலும் சிறு மின்மாற்றிகள் உள்ளதால், உறையற்ற முறுக்கிணை வடத்தில் இச்சிக்கல் எழுவதில்லை. உலோக உறையுள்ள வடத்தில் வளையம் மீண்டும் உருவாகலாம்.

== பாதுகாப்பு ==

மூன்று முள் செருகியின் புவி முள்ளை நீக்கினால் பட்டை மறையக்கூடும். ஆயினும் இது உயிருக்கு ஆபத்தானது. கருவியினுள் மின்காப்பு பழுதடையும்போது மின்னோட்டம் புவிக்குச் செல்ல வழியின்றி அதன் உலோக உடலிலேயே மின்னழுத்தம் நிற்கும். தொடுபவர் வழியே அது பாயும். கோஆக்சியல் வடத்தின் உறை அம்மின்னழுத்தத்தைத் தொலைவிலுள்ள கருவிகளுக்கும் கொண்டு செல்லலாம். ஆகவே குறிகையின் பாதையையே பிரிக்க வேண்டும். பாதுகாப்புப் புவியிணைப்பை ஒருபோதும் துண்டிக்கலாகாது.