போகாத புகை

காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. வயிற்றைப் புரட்டும் அந்தப் பாதையைக் கடந்து, செம்மேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியவன் முதலில் எதை நினைப்பான்? பக்தனாக இருந்தால் அறப்பளீசுவரரை நினைப்பான். இலக்கியம் படித்தவனாக இருந்தால் வல்வில் ஓரியை நினைப்பான். நான் அன்று ஒரு சிகரெட்டை நினைத்தேன். நினைத்ததோடு நிற்கவில்லை, டீக்கடை ஓரமாக நின்று அதைப் பற்ற வைத்துப் புகைத்தும் முடித்தேன். சில ஆண்டுகளுக்கு முந்திய சமாசாரம் இது. கட்டுரை முடியும் வரையில் வாசகர்கள் அந்தச் சிகரெட்டை மறந்துவிடக் கூடாது.

நான் போனது ஒரு நண்பரின் வீட்டுக்கு. அவர் பள்ளிக்கூட ஆசிரியர். மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். கொல்லிமலைவாசிகளுக்கு ‘மலையாளிகள்’ என்று பெயர். பேசுவது என்னவோ தமிழ்தான். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று கதை சொல்வார்கள். நண்பரின் மகளுக்குக் குழந்தை பிறந்து இருபது நாள் ஆகியிருந்தது. அதைப் பார்க்கத்தான் பயணம்.

வாசற்படியில் ஒரு வாளித் தண்ணீரும் சொம்பும் இருந்தன. பக்கத்தில் நண்பரின் தாயார் உட்கார்ந்திருந்தார். வருகிறவர்கள் கால் கழுவாமல் அந்தப் படியைத் தாண்ட முடியாது. நானும் கழுவிக் கொண்டேன்.

அந்தச் சமயத்தில் நண்பரின் தம்பி வந்து சேர்ந்தார். நாமக்கல்லில் லாரி ஓட்டுகிறவர். ஐம்பது வயது இருக்கும். இரவெல்லாம் வண்டி ஓட்டிவிட்டு, குழந்தைக்கு ஒரு வெள்ளி அரைஞாணையும் வாங்கிக் கொண்டு, தூங்காமல் மலையேறி வந்திருந்தார். தாயார் அவரை வாசலிலேயே நிறுத்தினார்.

“நில்லுடா. பீடி குடிச்சியா?”

“வெளியிலேதானேம்மா குடிச்சேன். வாயைக்கூடக் கொப்புளிச்சுட்டேன்.”

“வாயைக் கொப்புளிச்சே, சட்டையைக் கொப்புளிச்சியா? போயித் தலைக்கு ஊத்திக்கிட்டு, வேற வேட்டி கட்டிக்கிட்டு வா. அப்புறம் பிள்ளையைத் தொடலாம்.”

அவருடைய முகம் சுண்டிப் போயிற்று. வெளியூரிலிருந்து வந்த ஒருவன் எதிரில் தாய் தன்னைத் தீண்டத் தகாதவனாக்கி விட்டாள் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். ஒன்றும் பேசாமல் கொல்லைப் பக்கம் போனார்.

“நீங்க உள்ளே வாங்க ஐயா” என்று அந்த அம்மாள் என்னை அழைத்தார். பாயில் உட்கார வைத்தார்கள். குழந்தையை என் மடியில் கிடத்தினார்கள். அது என் வலக்கை விரலைப் பற்றியது. பற்றியதை வாய்ப் பக்கம் இழுத்தது. சிகரெட்டைப் பிடித்த அதே விரல்! நான் வாயைத் திறக்கவில்லை. கொல்லையில் தண்ணீர் ஊற்றிக் கொள்ளும் சத்தம் கேட்டுக் கொண்டே இருந்தது.

அந்தச் சத்தம்தான் பிற்பாடு என்னைப் புத்தகங்களுக்கு இழுத்துச் சென்றது. அம்மாள் செய்தது மூட நம்பிக்கையா, வைத்தியமா?

பிள்ளை பெற்ற வீட்டுக்கு நம் நாட்டில் பழைய கட்டுப்பாடுகள் பல உண்டு. வாசலில் வேப்பிலை செருகுவார்கள். வெளியே போய் வந்தவர் கால் கழுவ வேண்டும். சாவு வீட்டுக்குப் போனவர் குளிக்காமல் உள்ளே நுழையக் கூடாது. இதற்கெல்லாம் தீட்டு, தோஷம், காற்றுக் கருப்பு என்று காரணம் சொன்னார்கள். இந்தத் தீட்டின் பெயரால் நடந்த கொடுமைகளையும் நாம் அறிவோம். பிரசவித்த பெண்ணைக் காற்றில்லாத இருட்டறையில் அடைத்தார்கள். பிறப்பைக் காட்டி மனிதனை மனிதன் விலக்கினான். அந்தப் பாவத்துக்குப் பரிந்து பேச நான் வரவில்லை. ஆனால், கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று வருகிறவனோடு கூடவே வருகிறது என்ற எண்ணம் மட்டும் பொய்யல்ல. ஐரோப்பாவின் பெரிய வைத்தியர்கள் இதை ஒப்புக் கொள்ள மிகவும் தாமதித்தார்கள்.

1847-ஆம் வருஷம். வியன்னா நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற இளம் டாக்டர் வேலை பார்த்து வந்தார். பிரசவ வார்டில் தாய்மார்கள் ஜுரம் கண்டு இறந்து கொண்டிருந்தார்கள். அந்த ஏப்ரல் மாதத்தில் மட்டும் 100-க்கு 18 பேர். டாக்டர்களும் மாணவர்களும் பிணங்களை அறுத்துச் சோதித்துவிட்டு நேரே பிரசவம் பார்க்க வருவது வழக்கம். சோப்புப் போட்டுத்தான் கழுவினார்கள்; ஆனாலும் கையில் பிணவாடை போகவில்லை. அந்த வாடையைத்தான் செம்மல்வைஸ் பிடித்துக் கொண்டார். வாடை நிற்கிறது என்றால் வாடைக்குக் காரணமான பொருளும் நிற்கிறது! குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவாமல் யாரும் வார்டுக்குள் நுழையக் கூடாதென்று மே மாதத்தில் கண்டிப்புச் செய்தார். ஜூலையில் சாவு 100-க்கு ஒன்று என்ற அளவுக்கு இறங்கிவிட்டது.

உலகம் அவரைத் தலைமேல் தூக்கி வைத்துக் கொண்டாடியதா? இல்லை. ‘எங்கள் கை அழுக்கா?’ என்று பெரிய மனிதர்களுக்குக் கோபம் வந்தது. 1865-இல் அவர் ஒரு பைத்தியக்கார விடுதியில் இறந்தார். லாரி ஓட்டும் தம்பியின் முகம் சுண்டியதற்கும் வியன்னா டாக்டர்களின் கோபத்துக்கும் வித்தியாசம் அதிகமில்லை. ‘நீ அன்போடு வந்தாலும் உன் கை தீங்கைக் கொண்டு வருகிறது’ என்ற சொல்லை யாரால் தாங்க முடியும்?

இனிப் புகையிலையின் கதைக்கு வருவோம்.

அது நம் மண்ணின் செடியல்ல. அமெரிக்காவிலிருந்து போர்ச்சுக்கீசியர் கொண்டு வந்தது. 1604-ஐ ஒட்டி, அசத் பேக் என்ற அதிகாரி பீஜப்பூரிலிருந்து அதை எடுத்துப் போய் அக்பர் சக்கரவர்த்தியின் முன் வைத்தார். வைத்தியர் தடுத்தும் கேளாமல் சக்கரவர்த்தி இரண்டொரு முறை இழுத்துப் பார்த்தார். அதே 1604-இல்தான் இங்கிலாந்து அரசர் முதலாம் ஜேம்ஸ் புகையிலையைக் கண்டித்து ஒரு சிறு நூலே எழுதி வெளியிட்டார். அக்பரின் மகன் ஜஹாங்கீர் 1617-இல் புகைக்கத் தடை போட்டார். அரசர்களின் தடைகள் காற்றில் போயின. புகை மட்டும் போகவில்லை.

தமிழன் இந்தப் புது இலைக்குப் பெயர் வைத்ததோடு பிரபந்தமும் பாடிவிட்டான். சீனிச்சர்க்கரைப் புலவர் பாடிய ‘புகையிலை விடு தூது’ என்ற நூலை உ. வே. சாமிநாத ஐயர் பதிப்பித்தார். பழனி முருகனிடம் புகையிலையைத் தூது அனுப்பும் வேடிக்கைப் பிரபந்தம் அது. அதில் ஒரு கதை. மும்மூர்த்திகளிடமும் ஆளுக்கு ஓர் இலை கொடுக்கப்பட்டது. மறுநாள் கேட்டபோது சிவனுடைய வில்வத்தைக் கங்கை அடித்துப் போயிருந்தது. திருமாலின் துளசியைப் பாற்கடல் கொண்டு போய்விட்டது. பிரமனின் இலை மட்டும் கலைமகளிடம் பத்திரமாக இருந்தது. மற்றவை போயின, இதுவோ ‘போகையிலை’. அதுவே புகையிலை ஆயிற்றாம்!

புலவர் சிரிக்கச் சொன்ன சிலேடை இது. விஞ்ஞானிகள் அதே உண்மைக்கு வந்து சேர நெடுங்காலம் பிடித்தது.

1950-இல் இங்கிலாந்தில் டாலும் ஹில்லும் புகைப்பவனுக்கு நுரையீரல் புற்றுநோய் வருவதைக் கணக்கெடுத்துக் காட்டினார்கள். அது முதல் கை. 1981-இல் ஜப்பானில் ஹிராயாமா, புகைக்கும் கணவனோடு வாழும் புகைக்காத மனைவிக்கும் அந்த நோய் அதிகமென்று காட்டினார். அது இரண்டாம் கை. இந்த இரண்டாம் கைக்குப் பரிகாரமாகத்தான், ‘வெளியே போய்ப் புகை’ என்று உலகமெங்கும் சட்டங்கள் வந்தன. நம் நாட்டில் 2003-இல் சட்டம் இயற்றப்பட்டு, 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைப்பதைத் தடுக்கும் புதிய விதிகள் அமலுக்கு வந்தன.

நல்ல சட்டந்தான். ஆனால் வெளியே போனவன் திரும்பி வருகிறானே! சட்டையிலும் தலைமயிரிலும் விரலிலும் மூச்சிலும் ஒட்டிக் கொண்டு எதுவோ அவனோடு வருகிறது. இதற்கு 2009-ஆம் ஆண்டு முதல் ‘மூன்றாம் கைப் புகை’ என்ற பெயர் பரவிவிட்டது. 2004-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் மாட் என்ற ஆராய்ச்சியாளரும் அவர் தோழர்களும் கைக்குழந்தை உள்ள வீடுகளைச் சோதித்தார்கள். குழந்தைக்காக வெளியே போய்ப் புகைத்தவர்களின் வீட்டில்கூட, புகைக்காதவர் வீட்டைவிட 5 முதல் 7 மடங்கு வரை புகையின் எச்சம் இருந்தது. ஒட்டிய நிக்கோட்டின் சும்மா கிடப்பதில்லை. காற்றிலுள்ள நைட்ரஸ் அமிலத்தோடு சேர்ந்து புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களாக மாறுகிறது என்று 2010-இல் கண்டார்கள்.

எல்லாவற்றையும்விட என்னைத் திடுக்கிட வைத்தது ஜெர்மனியில் மைன்ஸ் நகரத்து சினிமாக் கொட்டகையில் செய்த சோதனை. புகைக்கக் கூடாது என்று பல ஆண்டுகளாகக் கண்டிப்புள்ள இடம் அது. உள்ளே நல்ல காற்று விட்டுக் கொண்டே இருந்தார்கள். இருந்தும், ஜனங்கள் வந்து உட்கார்ந்தவுடன் காற்றில் நிக்கோட்டின் ஏறியது. குழந்தைகள் பார்க்கும் படத்தைவிடப் பெரியவர்கள் பார்க்கும் சண்டைப் படத்தின்போது அதிகமாக ஏறியது. ஒரு மணி நேரத்தில் அங்கே இருந்தவர் உள்ளிழுத்த சில விஷப் பொருள்களின் அளவு, 1 முதல் 10 சிகரெட் வரை பக்கத்தில் எரிந்தால் வருவதற்குச் சமம். உள்ளே ஒருவரும் பற்ற வைக்கவில்லை. சட்டையில் சுமந்து வந்தார்கள், அவ்வளவுதான். 2020-இல் இந்த முடிவு வெளியாயிற்று.

வளர்ந்தவர்களுக்கே இப்படியென்றால் குழந்தைக்கு? அதன் உடம்பு சிறிது, மூச்சு வேகம். உறவினர் தோளில் முகம் புதைத்துத் தூங்கும். தவழும் வயதில் தரையைத் தொட்ட கையை வாயில் வைக்கும். இந்த எச்சம் குழந்தைக்கு எவ்வளவு நோய் செய்யும் என்று விஞ்ஞானிகள் இன்னும் கணக்கிட்டு வருகிறார்கள். கணக்கு முடியட்டும் என்று குழந்தையின் நுரையீரல் காத்திருக்காது.

அந்தக் கொல்லிமலை அம்மாள் சர்வமும் அறிந்தவர் என்று நான் சொல்ல மாட்டேன். மாலையில் குழந்தையைக் குளிப்பாட்டியதும் தாராளமாகச் சாம்பிராணிப் புகை போட்டார். அதுவும் புகைதான். அடுப்பங்கரை விறகுப் புகையும் புகைதான். குழந்தையின் நெஞ்சுக்குச் சாமி புகை, ஆசாமி புகை என்ற பேதம் கிடையாது. அவர் மகனுக்கு விதித்த குளியலும் முழுப் பரிகாரமல்ல. பீடியை விட்டொழிப்பதே முழுப் பரிகாரம். ஆனாலும் சோப்புப் போட்டுக் கை கழுவி, குளித்து, துணி மாற்றி வந்தவன் குழந்தைக்குக் கொண்டு வரும் தீங்கு நிச்சயமாகக் குறைவு. அவருடைய மூக்கு வழி காட்டியது. செம்மல்வைஸுக்கும் அதே மூக்குத்தானே வழி காட்டியது!

பழைய நூல்களில் இந்த மலையில் கொல்லிப் பாவை என்று ஒன்று இருந்ததாகச் சொல்வார்கள். அழகால் மயக்கி, சிரித்தபடியே உயிரை வாங்குமாம். அன்று நானும் சிரித்த முகத்தோடுதான் குழந்தையைக் கொஞ்சிக் கொண்டிருந்தேன்.

இவையெல்லாம் படித்த பிறகு மனம் பொறுக்காமல் நண்பருக்கு உண்மையை எழுதினேன். பதில் வந்தது: “அம்மாவுக்கு அன்றைக்கே தெரியும். விருந்தாளியை எப்படிச் சொல்வது என்று பேசாமல் இருந்துவிட்டார்களாம். நீங்கள் கிளம்பிய பிறகு வெந்நீரில் துணியை நனைத்துக் குழந்தையின் கையைத் துடைத்துவிட்டார்கள்.”

மகனிடம் தாட்சணியம் பார்க்காத அந்த அம்மாளுக்கு என்னிடம் தாட்சணியம் வந்துவிட்டது. வீட்டுக்காரர் சொல்லக் கூசுவதை, வருகிறவன் தானே சொல்லிவிட வேண்டும். அந்த வீட்டில் பிறகு இன்னொரு குழந்தை பிறந்தது. பார்க்கப் போனபோது, யாரும் கேட்காமலே, “அம்மா, முதலில் கொல்லைப் பக்கம் எங்கே என்று காட்டுங்கள்” என்றேன்.