டாக்டர் இப்போதுதான் போனார் (அத்தியாயம் 2)

1975 ஏப்ரல் 17. புனோம் பென் நகரின் ஆபரேஷன் தியேட்டருக்குள் துப்பாக்கியோடு நுழைந்த கெமர் ரூஜ் போராளி கேட்ட கேள்வியோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். டாக்டர் நீயா?

இல்லை, அவர் இப்போதுதான் பின்வாசல் வழியாகப் போனார் என்றார் ஹாய்ங் ஙோர்.

அந்த ஒரு பொய் அவர் உயிரைக் காப்பாற்றியது. மேசையில் கிடந்த நோயாளியை அப்படியே விட்டுவிட்டுத்தான் அவர் வெளியேற வேண்டியிருந்தது. அந்த நோயாளியின் நினைவு கடைசிவரை அவரை விடவில்லை.

அன்றே நகரத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். இருபது லட்சத்துக்கும் அதிகமான மக்கள், பிள்ளை பெற்றவர்கள், கட்டிலோடு தள்ளிக்கொண்டு வரப்பட்ட நோயாளிகள், எல்லோரும் கிராமங்களை நோக்கி நடந்தார்கள். கெமர் ரூஜ் தலைவர் போல் பாட்டின் புதிய கம்போடியாவுக்கு விவசாயிகள் போதும். டாக்டர், ஆசிரியர், வக்கீல் என்று தெரிந்தால் மரணம். மூக்குக் கண்ணாடியே ஒருவரைக் காட்டிக்கொடுக்கப் போதுமானதாக இருந்தது. ஙோர் கண்ணாடியை மறைத்தார். கேட்டவர்களிடமெல்லாம் தான் டாக்சி டிரைவர் என்றார்.

பின்னாளில் சினிமா நடிகரான அவரைத் திரைப்பட வரலாறுகளில் நடிப்புப் பயிற்சியே இல்லாதவர் என்று எழுதுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. கெமர் ரூஜ்தான் தன் நடிப்புப் பள்ளி என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். மூன்று வருடம் எட்டு மாதம், தூங்கி எழும் ஒவ்வொரு நாளும், படிக்காதவனாகப் பேசி, படிக்காதவனாக நடந்து, பக்கத்தில் ஒருவர் காய்ச்சலில் துடித்தால் என்ன நோய் என்று தெரிந்தும் தெரியாதவராக நின்றார். ஒரு மருத்துவருக்கு இதைவிடக் கொடிய வேடம் எனக்குத் தோன்றவில்லை. மூன்று முறை அவரைப் பிடித்துச் சித்திரவதை செய்தார்கள். விரல் ஒன்றின் நுனி போனது. சிலுவைபோல் கட்டி நெருப்புக்கு மேலே தொங்கவிட்டார்கள். அப்போதும் அவர் டாக்சி டிரைவராகவே இருந்தார்.

பிறகு 1978 ஜூன் வந்தது.

மனைவி மை ஹுவோய் கர்ப்பமாக இருந்தார். போரும் பட்டினியும் வருவதற்கு முன் அவர் ஓர் ஆசிரியை. பிரசவம் சிக்கலானது. சிசேரியன் செய்தால்தான் தாயும் பிள்ளையும் பிழைக்க முடியும். ஙோர் படித்தது பெண்கள் மருத்துவமும் பிரசவமும்தான். புனோம் பென்னில் அதைத் தினசரி வேலையாகச் செய்தவர். ஆனால் இங்கே கத்தி இல்லை, மருந்து இல்லை. எங்கிருந்தாவது கிடைத்து அவர் கையில் எடுத்திருந்தால், டாக்டர் என்று தெரிந்துவிடும். அடுத்த நாள் மூவரையும் கொன்றிருப்பார்கள். தெரிந்த வைத்தியத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மனைவியைத் தாங்கிப் பிடித்தபடி அவர் உட்கார்ந்திருந்தார். மை ஹுவோயும் குழந்தையும் இறந்துபோனார்கள்.

இந்தப் பகுதியை நான் வேகமாகக் கடக்க விரும்பவில்லை. பின்னாளில் உலகம் திரையில் பார்த்துக் கண்ணீர்விட்ட அந்த முகத்தில் இருந்தது இதுதான்.

1979 தொடக்கத்தில் வியட்நாம் படைகள் புனோம் பென்னைப் பிடித்தன. அதற்குள் பதினைந்து முதல் இருபது லட்சம் பேர் இறந்திருந்தார்கள். ஙோரின் பெற்றோர், கூடப்பிறந்தவர்களில் பெரும்பாலோர் அதில் அடக்கம். அண்ணன் தம்பி குடும்பத்தில் மிஞ்சிய ஒரு சிறுமியைக் கூட்டிக்கொண்டு தாய்லாந்து எல்லையைக் கடந்தார். அகதி முகாமில் மறுபடி டாக்டரானார். 1980இல் லாஸ் ஏஞ்சலிஸ். அங்கே அவர் படிப்பு செல்லாது. இரவுக் காவலாளி வேலை பார்த்தார், பிறகு அகதிகளுக்கு வேலை தேடிக் கொடுக்கும் வேலை. மை ஹுவோயின் படத்தை ஒரு தங்க லாக்கெட்டில் வைத்துக் கழுத்தில் போட்டிருந்தார். வாசகர்கள் இந்த லாக்கெட்டை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 1996இல் ஒரு கொலை வழக்கில் அது வரும்.

1982இல் கலிபோர்னியாவில் ஒரு கம்போடியக் கல்யாணம். விருந்தினர் நடுவே பேட் கோல்டன் என்ற பெண்மணி முகங்களைத் தேடிக்கொண்டிருந்தார். சினிமாவுக்கு ஆள் தேர்வு செய்பவர். ஙோருக்கு அதில் ஆர்வமில்லை. படக்குழுவினர் விடவில்லை. திரும்பத் திரும்பக் கூப்பிட்டுப் பேசினார்கள். கடைசியில் பாத்திரம் யார் என்று தெரிந்தது: நியூயார்க் டைம்ஸ் நிருபரின் உதவியாளராக இருந்த டித் பிரான். அப்போது உயிரோடு இருந்த மனிதர். கெமர் ரூஜிடம் சிக்கியபோது பிரானும் தன்னை டாக்சி டிரைவர் என்றுதான் சொல்லியிருந்தார்.

ஙோர் சம்மதித்தார். படப்பிடிப்பு தாய்லாந்தில். மூன்று ஆண்டுகளுக்கு முன் அகதியாக விட்டு வந்த அதே நாடு. கம்போடிய எல்லையோரக் காடுகளில் கெமர் ரூஜ் படைகள் அப்போதும் ஆயுதத்தோடு இருந்தன. கறுப்புச் சீருடை போட்டு, அவர் தலைக்குத் துப்பாக்கி வைக்க, துணை நடிகர்கள் அங்கே காத்திருந்தார்கள்.

(தொடரும்)