முறுக்குக் கம்பி

முறுக்குக் கம்பி என்பது காங்கிரீட்டை வலுவூட்டுவதற்காக அதனுள் பதிக்கப்படும் எஃகுக் கம்பியைக் குறிக்கத் தமிழ்நாட்டில் வழங்கும் பெயராகும். காங்கிரீட் அமுக்க விசையை நன்கு தாங்கும். ஆனால் அதன் இழுவலிமை, அமுக்க வலிமையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே ஆகும். இக்குறையை எஃகு நிறைவு செய்கின்றது. வெப்பத்தால் விரிவடையும் அளவு இரு பொருட்களுக்கும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால், அவை வெயிலிலும் பிரியாமல் சேர்ந்து இயங்குகின்றன.

பெயரும் தயாரிப்பும்

இந்தியாவில் 1960களிலிருந்து, குளிர்ந்த நிலையில் முறுக்கப்பட்ட கம்பிகள் பரவலாகப் பயன்பட்டன. முறுக்குவதால் வலிமை கூடியது. நீளும் தன்மையோ குறைந்தது. துருவும் எளிதில் பிடித்தது. பின்னர் வந்த டி.எம்.டி. கம்பிகள் முறுக்கப்படுவதில்லை. செந்தணலாக உருட்டி எடுக்கப்படும் கம்பியின் மேற்பரப்பு நீரால் விரைந்து குளிர்விக்கப்படுகின்றது. உள்ளே எஞ்சியிருக்கும் வெப்பம் அந்த மேற்பரப்பைப் பதப்படுத்துகின்றது. இதனால் புறம் கடினமாகவும் அகம் நெகிழ்வாகவும் அமைகின்றன. முறுக்கும் வழக்கம் மறைந்த பின்னரும் பழைய பெயர் நிலைத்துவிட்டது.

வலிமையும் நீட்சியும்

எஃகுக் கம்பியைச் சிறிதளவு இழுத்து விட்டால் அது பழைய நீளத்தை அடையும். ஒரு குறிப்பிட்ட தகைவைத் தாண்டினால் நிலையாக நீளத் தொடங்கும். இத்தகைவு இளகு வலிமை எனப்படும். கம்பியின் தர எண் இதனையே குறிக்கின்றது. ஐ.எஸ். 1786 : 2008 என்னும் இந்தியத் தர நியமத்தின்படி, சில தரங்களுக்கு இருக்கவேண்டிய குறைந்த அளவுகள் வருமாறு. வலிமை, ஒரு சதுர மில்லிமீட்டருக்கு நியூட்டன் என்னும் அலகில் தரப்பட்டுள்ளது.

- எஃப்.இ. 415: இளகு வலிமை 415, நீட்சி 14.5%
- எஃப்.இ. 500: இளகு வலிமை 500, நீட்சி 12%
- எஃப்.இ. 500டி: இளகு வலிமை 500, நீட்சி 16%
- எஃப்.இ. 550: இளகு வலிமை 550, நீட்சி 10%

தர எண் உயர்ந்தால் கம்பி எல்லா வகையிலும் சிறந்தது என்று கருதுவது தவறாகும். 500, 500டி ஆகிய இரண்டின் இளகு வலிமை ஒன்றே. ஆனால் பின்னதில் கந்தகம், பாசுபரசு ஆகியவை குறைவாக இருக்கவேண்டும்; அது முறிவதற்கு முன் கூடுதலாக நீளும். இந்த நீட்சியே உயிர் காக்கும் பண்பாகும். முறையாக வடிவமைக்கப்பட்ட உத்தரத்தில், காங்கிரீட் நொறுங்குவதற்கு முன் கம்பி இளகும். அப்போது உத்தரம் தொய்ந்து வெடிப்புகள் தோன்றும். உள்ளே இருப்போர் வெளியேற இது எச்சரிக்கையாகின்றது. தேவைக்கு மேல் கம்பி இட்டால் காங்கிரீட் முதலில் நொறுங்கி, உத்தரம் முன்னறிவிப்பின்றி உடையக்கூடும்.

நிலநடுக்கத்தின்போது

2001 சனவரி 26 அன்று குசராத்தின் கச்சுப் பகுதியில் ஏற்பட்ட நிலநடுக்கத்தில், 200 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள அகமதாபாத்திலும் அடுக்குமாடிக் கட்டடங்கள் இடிந்தன. அவற்றுட் பல, வாகனங்கள் நிறுத்துவதற்காகத் தரைத்தளம் சுவரின்றி விடப்பட்டவை. தூண்களின் நெடுக்குக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையங்கள் போதிய நெருக்கமாக இல்லாமையும், அவற்றின் முனைகள் சரியாக மடிக்கப்படாமையும் முக்கியக் குறைகளாகக் கண்டறியப்பட்டன. அதே ஆண்டு செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலில் ஏற்பட்ட நடுக்கம் தமிழ்நாட்டிலும் உணரப்பட்டது.

ஐ.எஸ். 13920 நியமம், வளையத்தின் முனையை 135 பாகை மடித்துத் தூணின் உட்பக்கம் செலுத்தவேண்டும் என்கின்றது. 90 பாகை மட்டும் மடித்தால், மேற்பூச்சாக உள்ள காங்கிரீட் உதிர்ந்ததும் வளையம் திறந்துகொள்ளும். அதன்பின் நெடுக்குக் கம்பி எத்தரமாயினும் வளைந்துவிடும்.

துருப்பிடித்தல்

காங்கிரீட்டின் காரத்தன்மை கம்பியின் மேல் ஒரு மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்குகின்றது. காற்றிலுள்ள கரியமில வாயு நாளடைவில் அக்காரத்தன்மையைக் குறைக்கின்றது. உப்பிலுள்ள குளோரைடு அப்படலத்தை நேரடியாக அழிக்கின்றது. துரு, தான் தோன்றிய இரும்பைவிடப் பல மடங்கு இடம் கொள்வதால், காங்கிரீட் பிளந்து உதிர்கின்றது.

கடற்கரையில் அமைந்த கடலூருக்கு உப்புக்காற்றே முதன்மையான இடர். உள்நாட்டில், கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் தியாகதுருகம் போன்ற ஊர்களில் அவ்விடர் இல்லை. எனினும் உவர்ப்பான ஆழ்துளைக் கிணற்று நீரில் காங்கிரீட் கலக்கப்பட்டால், அங்கும் குளோரைடு உள்ளிருந்தே வேலை செய்யும். வலுவூட்டிய காங்கிரீட்டுக்கான நீரில் ஒரு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருத்தல் கூடாது என ஐ.எஸ். 456 : 2000 வரையறுக்கின்றது. கம்பிக்கு வெளியே இருக்கவேண்டிய காங்கிரீட்டின் தடிப்பு, மிதமான சூழலில் 30 மில்லிமீட்டர், கடற்கரைச் சூழலில் 45 மில்லிமீட்டர் ஆகும். அடித்தளத்துக்கு இது 50 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது. இவ்விடைவெளியைக் காக்கவே கவர் பிளாக் எனப்படும் சிறு கட்டைகள் வைக்கப்படுகின்றன.

தீயில் எஃகு

எஃகு எரியாது, ஆயினும் சூடேறினால் வலிமை இழக்கும். ஏறத்தாழ 550 முதல் 600 பாகை செல்சியசில் அதன் இளகு வலிமை பாதியளவுக்குக் குறைகின்றது. 2017 மே 31 அன்று சென்னை தியாகராய நகரில் தீப்பற்றிய பலமாடித் துணிக்கடைக் கட்டடத்தின் ஒரு பகுதி, நெடுநேரம் எரிந்தபின் இடிந்து விழுந்தது. கம்பியை மூடியுள்ள காங்கிரீட்டே வெப்பம் உட்செல்வதைத் தாமதப்படுத்துகின்றது.

எடையைச் சரிபார்த்தல்

கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதன் வர்க்கத்தை 162ஆல் வகுத்தால், ஒரு மீட்டர் நீளத்தின் எடை கிலோகிராமில் கிடைக்கும். 12 மீட்டர் நீளக் கம்பி ஒன்றின் எடை பின்வருமாறு அமையும்.

- 8 மி.மீ.: 4.74 கிலோகிராம்
- 10 மி.மீ.: 7.41 கிலோகிராம்
- 12 மி.மீ.: 10.67 கிலோகிராம்
- 16 மி.மீ.: 18.96 கிலோகிராம்

நியமம் 10 மில்லிமீட்டர் வரையுள்ள கம்பிகளின் தொகுதிக்கு 7% வரையும், 16 மில்லிமீட்டர் வரையுள்ளவற்றுக்கு 5% வரையும் வேறுபாட்டை ஏற்கின்றது. அதற்கும் குறைவான எடை, கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு குறைவு என்பதையும், எனவே அது தாங்கும் சுமையும் குறைவு என்பதையும் காட்டும்.