எல்லைப்புறத் தமிழில் தனிமை, வெறுமை, துயரம்: ஒரு சொல்வரலாற்று நோக்கு

முன்னுரை

ஆங்கிலத்தில் 'லோன்லினெஸ்', 'எம்ப்டினெஸ்', 'சாரோ' என வழங்கும் சொற்களைத் தமிழில் முறையே தனிமை, வெறுமை, துயரம் எனப் பெயர்ப்பது வழக்கம். தமிழும் மலையாளமும் அருகருகே வழங்கும் பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகளில் இவ்வுணர்வுகளைச் சுட்டும் சொற்கள் பல இரு மொழிக்கும் பொதுவானவை. பொருளிலோ அவை வேறுபடுகின்றன. அவ்வேறுபாட்டை இக்கட்டுரை ஆராய்கிறது.

நிலமும் மொழியும்

1956 நவம்பர் 1இல் கேரளம் தனி மாநிலமானபோது, சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்தில் இருந்த பாலக்காடும், திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த சித்தூர், தேவிகுளம், பீர்மேடு வட்டங்களும் அதனுள் அடங்கின. தேவிகுளம், பீர்மேட்டுத் தமிழருள் பலர் கங்காணிகள் வழியாகத் தேயிலைத் தோட்டங்களுக்கு அழைத்து வரப்பட்டோரின் வழியினர். தோட்டத்து ஆங்கிலம் அவர்களுக்கு 'எஸ்டேட்', 'லயம்' போன்ற பெயர்களைத் தந்தது. துயரத்தைச் சொல்ல அவர்கள் தாய்மொழியையே நாடினர். அலுவலகத்திலும் மருத்துவமனையிலும் அவர்கள் எதிர்கொண்ட மொழி மலையாளம்.

ஆங்கிலச் சொற்கள்

'லோன்லி' என்பதன் அடியான 'அலோன்', 'முற்றும் ஒன்று' எனப் பொருள்படும் இரு சொற்களின் சேர்க்கை. 'எம்ப்டி' பழைய ஆங்கிலத்தில் ஓய்வாக இருத்தலைக் குறித்தது. வெற்றிடம் என்னும் பொருளே பின்னர் நிலைத்தது. 'சாரோ'வும் ஜெர்மானியச் சொல்லான 'சோர்கெ'யும் ஒரே வேரின. முன்னது துயரத்தையும் பின்னது கவலையையும் குறிக்கின்றன. உறவுமொழிகளில் ஒரு சொல் இரு பொருளாகப் பிரிவது இயல்பு என்பதற்கு இது சான்று.

பொதுச்சொல், வேறு பொருள்

தமிழும் மலையாளமும் இவ்வியல்பினவே. 'விஷமம்' தமிழில் குறும்பு, மலையாளத்தில் மனவருத்தம். 'சங்கடம்' தமிழில் பெரும்பாலும் இக்கட்டான நிலை அல்லது கூச்சம், மலையாளத்தில் துயரம். 'ஒழிவு' இரு மொழிக்கும் உரியதாயினும், ஓய்வு, காலியிடம் என்னும் பொருள்களில் மலையாளத்திலேயே பெருவழக்கு. 'ஏகாந்தம்' தமிழில் விரும்பி ஏற்கும் இனிய தனிமையையும் சுட்டும். மலையாளத்து 'ஏகாந்தத' துன்பத் தனிமைக்கும் உரியது. மார்க்கேஸின் புகழ்பெற்ற நாவல் தமிழில் 'தனிமையின் நூறு ஆண்டுகள்' எனவும், மலையாளத்தில் 'ஏகாந்ததயுடெ நூறு வர்ஷங்கள்' எனவும் பெயர்பெற்றமை கருதத்தக்கது.

'புலம்பு' என்னும் சொல்லின் வரலாறு இவற்றினும் நெடியது. தொல்காப்பிய உரியியல் அதற்குத் தனிமை என்றே பொருள் தருகிறது. சங்கச் செய்யுளிலும் அப்பொருள் பயின்று வருகிறது. தனித்திருப்பதன் பெயர், தனித்திருப்போர் எழுப்பும் அழுகுரலுக்கு ஆகிவந்தது. இன்றைய தமிழில் புலம்பல் என்பது அரற்றுதல். மலையாளத்திலோ 'புலம்புக' என்பது பிதற்றுதலைக் குறிக்கிறது. தனிமையாகத் தொடங்கி அழுகையாகிய சொல், எல்லைக்கு அப்பால் பொருளற்ற பேச்சாக நின்றுவிட்டது.

அகராதியும் வழக்கும்

வின்சுலோவின் தமிழ் அகராதி 1862இலும், குண்டர்ட்டின் மலையாள அகராதி 1872இலும் வெளிவந்தன. இரண்டும் ஆங்கிலத்தில் பொருள் கூறுவன. ஆங்கிலத்தின் வழியே இரு மொழிகளையும் ஒப்பிடும்போது, ஒரே வடிவில் நின்று வேறு பொருள் தரும் சொற்கள் கண்ணுக்குப் புலப்படாமல் போகின்றன.

இது ஏட்டளவில் நிற்கும் சிக்கலன்று. 1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுடன் தம் மொழியிலேயே கடிதத் தொடர்பு கொள்ள இடமளிக்கிறது. இருமொழி பழகியவர்க்கு இச்சொற்களால் இடர் இல்லை. ஆனால் எல்லைப்பகுதிக்குப் புதிதாக வரும் மருத்துவர் 'விஷமம் உண்டோ' என்று வினவினால், தமிழ் மட்டும் அறிந்த நோயாளி தம்மிடம் குறும்பு உண்டா எனக் கேட்பதாகவே கொள்வார். 'புலம்பிக்கொண்டே இருக்கிறார்' என உறவினர் கூறும் துயரம், பிதற்றலாகக் குறிக்கப்படவும் கூடும்.

முடிவுரை

உறவுமொழிகளின் ஒற்றுமையே உணர்வுச் சொற்களில் தடையாகவும் அமைகிறது. எனவே எல்லைப்புற வழக்கைத் திரட்டி, தமிழ், மலையாளத் துயரச் சொற்களை ஆங்கிலத்தின் இடையீடின்றி நேருக்குநேர் நிறுத்தும் சொல்லடைவு வேண்டற்பாலது. பிறர் துயரை அறிதற்கு அவர்தம் சொல்லின் வரலாற்றை அறிதல் முதற்படியாகும்.