உழைச்செல்வான்

தைப்பூச நாளில் தண்ணீர்மலை அடிவாரத்தில் நிற்பவர் கண்ணுக்குக் காவடியும் பால்குடமும் முதலில் தெரியும். சற்றே விலகி நிற்கும் ஆம்புலன்ஸ் வண்டிகள் பிறகே தெரியும். அவை விரைந்து செல்லக் கண்டால், காலத்தில் உதவி கிடைத்தது என்று மகிழ்கிறோம். உள்ளே நோயாளியின் அருகில் அமர்ந்து செல்பவர் யார், அவர் என்ன பயின்றவர் என்று நாம் கேட்பதில்லை. ஆயினும் இவ்வினா தமிழர்க்குப் புதியதன்று.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கிறார். நோயுற்றவன், மருத்துவன், மருந்து என்னும் மூன்றோடு உழைச்செல்வானையும் ஒரு கூறாக வைக்கிறார். உழை என்பது பக்கம். அருகிருந்து துணை செய்பவன் என்று பலர் பொருள் கொள்வர். மருந்தைப் பிழையாமல் இயற்றுபவன் என்பார் பரிமேலழகர். அவனுக்குரிய தகுதிகளையும் அவர் எண்ணிச் சொல்கிறார்: நோயாளியிடம் அன்பு, மனம் மொழி மெய்களின் தூய்மை, சொல்லியதைச் சொல்லியவாறே செய்யும் வன்மை, அறிவு. அன்பு ஒன்றே போதும் என்று அவர் விட்டுவிடவில்லை என்பது கருதத்தக்கது.

நோயாளிகளை ஏற்றிச் செல்லும் தொழிலின் வரலாறு, உலகம் இக்கூற்றை மறந்து மறந்து மீண்டும் கண்ட வரலாறே ஆகும். ஐரோப்பியப் போர்களில் காயம்பட்டோர் போர் ஓயும்வரை களத்திலேயே கிடந்தனர். 1792-இல் பிரெஞ்சுப் படையின் மருத்துவர் டொமினிக் லாரே இக்கொடுமை கண்டு, குதிரை பூட்டிய இலேசான வண்டிகளை அமைத்தார். வண்டியின் விரைவால் மட்டும் அவர் புகழ் பெறவில்லை. மருத்துவம் அறிந்தவரையும் வண்டிகளோடு களத்திற்கு அனுப்பினார். பதவி நோக்காமல் காயத்தின் கடுமை நோக்கி முறை வகுத்தார்.

நூறாண்டு கழித்து இத்தொழிலில் தமிழர் கைகளும் சேர்ந்தன. 1899-இல் தென்னாப்பிரிக்காவில் போயர் போர் மூண்டபோது, நேட்டாலில் காந்தியடிகள் இந்தியர் ஆம்புலன்ஸ் படையொன்றைத் திரட்டினார். அதில் ஏறத்தாழ 1,100 பேர் இருந்தனர். அவருள் பெரும்பாலோர் தோட்டங்களில் உழைத்த ஒப்பந்தத் தொழிலாளர். நேட்டாலுக்குச் சென்ற ஒப்பந்தத் தொழிலாளருள் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள். அதே காலத்தில் பினாங்கில் வந்திறங்கிய நம் முன்னோர்க்கு உறவினர் போன்றவர்கள். டாக்டர் பூத் என்பவர் இப்படைக்கு மருத்துவப் பயிற்சி அளித்து, உடனும் சென்றார். ஸ்பியன் காப் போரின் காலத்தில் காயம்பட்டவரை ஸ்ட்ரெச்சரில் தாங்கி, நாளொன்றுக்கு 20 முதல் 25 மைல் வரை நடந்தனர். கரும்பு சுமந்த தோள்களே அவை. ஆனால் மனிதனைச் சுமப்பதற்குத் தோள் மட்டும் போதாது என்பதால்தான் பயிற்சி முன்னே வந்தது.

மோட்டார் வண்டி வந்தபின் இவ்வுண்மை மறைந்தது. செல்வம் மிகுந்த அமெரிக்காவின் நிலையைக் காண்போம். 1966-இல் அந்நாட்டுத் தேசிய அறிவியல் கழகம் விபத்து மரணங்களைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. நாட்டின் ஆம்புலன்ஸ் பணியில் ஏறத்தாழப் பாதியை ஈமச்சடங்கு நிலையத்தார் 12,000 பேர் நடத்தி வந்தனர் என்று அது கூறியது. படுக்க வைத்து ஏற்றக்கூடிய நீண்ட வண்டி அவர்களிடம் இருந்தது என்பதே அதற்குக் காரணம். பிணம் ஏற்றும் வண்டியே நோயாளியையும் ஏற்றியது! வண்டி இருந்தது, உழைச்செல்வான் இல்லை.

மாற்றம் எளிய மக்களிடமிருந்து வந்தது. 1967-இல் பிட்ஸ்பர்க் நகரில் ஃப்ரீடம் ஹவுஸ் என்னும் பொதுத்தொண்டு நிறுவனம், வேலையற்றிருந்த கருப்பின இளைஞர்களைத் திரட்டியது. மருத்துவர் பீட்டர் சாஃபர் வகுத்த முறைப்படி அவர்கள் கடும் பயிற்சி பெற்றனர். 1975-இல் அந்நிறுவனம் மூடப்பட்டது. எனினும் அங்கு உருவான பாடத்திட்டம் நாடெங்கும் பரவியது.

இந்தியாவில் 2016-இல் ஆம்புலன்ஸ் வண்டிகளுக்கான தரவிதி அறிவிக்கப்பட்டது. அது வண்டிகளை நான்கு வகையாகப் பிரிக்கிறது. உயிர்காக்கும் கருவிகள் கொண்ட வண்டி வேறு, நோயாளியைக் கொண்டுசெல்ல மட்டும் உரிய வண்டி வேறு என்று காட்டுவது அதன் சிறப்பு. ஆயினும் அது பெரும்பாலும் வண்டியின் அமைப்பைப் பற்றிய விதி. உள்ளே இருப்பவரின் தகுதி தனியே காணத்தக்கது.

மலாயாவில் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் தொண்டு 1908-இல் தொடங்கியது. 2007 முதல் 999 என்னும் ஒரே எண்ணில் அவசர உதவிகள் ஒருங்கிணைந்தன. இவை அவசர காலத்திற்கு. சிறுநீரகச் சுத்திகரிப்புக்குச் சென்று வரும் முதியவரையும், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நோயாளியையும் ஏற்றிச் செல்லப் பெரும்பாலும் நாமே தனியார் வண்டியை அமர்த்துகிறோம். அப்போது கட்டணத்தைக் கேட்கிறோம். பிறவற்றைக் கேட்க நாணுகிறோம்.

கேட்க வேண்டியவை சிலவே. ஓட்டுநரைத் தவிர, பயிற்சி பெற்ற ஒருவர் உடன் வருவாரா? ஸ்ட்ரெச்சர் வண்டியோடு பிணைக்கப்பட்டுள்ளதா, நோயாளிக்குப் பட்டை மாட்டப்படுமா? ஆக்ஸிஜன் உருளையில் காற்று உள்ளதா? முன்னவர் இறங்கியபின் படுக்கை துடைக்கப்பட்டதா? நோயாளியின் நிலையை மருத்துவமனையில் எடுத்துரைப்பவர் யார்? பரிமேலழகர் எண்ணிய தூய்மையும் வன்மையும் அறிவும் இவ்வினாக்களில் அடங்கியிருத்தல் காண்க.

ஒருவரே ஓட்டுநராகவும் துணையாகவும் வரும் வண்டியில், சாலையில் செல்லும் நேரமெல்லாம் நோயாளிக்குத் துணையில்லை. மூச்சுத் திணறினால் அதை முதலில் அறியும் கண் அங்கில்லை. மருந்து அதிகாரத்தை வகுப்பில் நடத்தும் ஆசிரியர்கள் இறுதிக் குறளுக்கு வரும்போது, உழைச்செல்வான் என்னும் சொல்லுக்குப் பொருள் எழுதிப்போட்டு விரைந்து கடந்து விடாமல், இவ்வண்டியையும் மாணவர்க்குக் காட்டுவார்களாக. இன்று கேட்டறிந்த மாணவன், நாளை தன் பாட்டியை வண்டியில் ஏற்றும்போது தயங்காமல் கேட்பான்.