ஒண்ணாம் வகுப்புக்கு நடனமா? தொடக்கப் பள்ளியில் ஆட்டத்தை எங்கிருந்து ஆரம்பிப்பது?

ஆண்டு விழாவுக்கு ரெண்டு வாரம் இருக்கும்போதுதான் பெரும்பாலான தொடக்கப் பள்ளிகளுக்கு நடனம் ஞாபகம் வரும். ஒரு சினிமா பாட்டு, யூடியூப்பில் ஒரு வீடியோ, 'நல்லா ஆடுற' எட்டுப் பிள்ளைகள், வாடகை டிரெஸ். மற்ற பிள்ளைகள் கீழே உட்கார்ந்து கை தட்டுவார்கள். மாட்டுத்தாவணி, ஒத்தக்கடை, உலகனேரி பக்கம் மட்டும் இல்லை, தமிழ்நாடு முழுக்க இதுதான் வழக்கம்.

ஆனால் இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. பள்ளிக்கல்வித் துறை 2022-23இல் தொடங்கிய கலைத் திருவிழா, முதலில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை மட்டுமே நடந்தது. 2024-25 முதல் 1 முதல் 5ஆம் வகுப்பு வரை உள்ள குழந்தைகளும் அதில் சேர்க்கப்பட்டார்கள். மேடை வந்துவிட்டது. சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறார்களா?

சட்டம் என்ன சொல்கிறது?

கல்வி உரிமைச் சட்டம் 2009இன் அட்டவணையைப் பார்த்தால் விஷயம் புரியும். கலைக் கல்விக்கு பகுதி நேர ஆசிரியர் வேண்டும் என்று அது சொல்வது 6 முதல் 8ஆம் வகுப்புக்குத்தான். அதுவும் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால். 1 முதல் 5 வரை, 60 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். அவ்வளவுதான். தமிழ்நாட்டில் 2012இல் நியமிக்கப்பட்ட பகுதி நேர ஆசிரியர்களும் 6 முதல் 8ஆம் வகுப்புக்கானவர்களே. அதாவது தமிழும் கணக்கும் நடத்துகிற அதே டீச்சர்தான் ஆட்டத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

டான்ஸ் தெரியாத டீச்சர் என்ன செய்வது?

முதல் மூன்று மாதத்துக்கு டான்ஸ் தெரியவே வேண்டாம். தாளத்துக்கு நடப்பது, நின்றால் சிலை மாதிரி நிற்பது, மெதுவாக, வேகமாக, தாழ்வாக, எட்டி எட்டி நடப்பது. இதுதான் முதல் பாடம். இங்கிலாந்தில் நடனம் தொடக்கப் பள்ளி உடற்கல்விப் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. அங்கேயும் சின்ன வகுப்புகளுக்குக் கேட்பது எளிய அசைவுகளை மட்டும்தான்.

அடுத்தது சொற்கட்டு. 'தகிட' என்றால் மூன்று தட்டு. 'தகதிமி' என்றால் நான்கு. இரண்டையும் சேர்த்துத் தட்டினால் ஏழு. அதற்கு மிஸ்ரம் என்று பேர். கைதட்டியபடியே பிள்ளைகள் மூணும் நாலும் ஏழு என்று கூட்டிவிடுகிறார்கள். பாட்டும் செயல்பாடும் கலந்த எண்ணும் எழுத்தும் வகுப்பில் இதைச் சேர்க்கத் தனி பீரியட் தேவையில்லை.

மூன்றாவதாகத்தான் ஆட்டம். அதற்கு மதுரைப் பக்கம் வெளியே தேட வேண்டாம். முளைப்பாரித் திருவிழாவில் அம்மாவும் அக்காவும் கும்மி அடிப்பதைப் பார்த்த பிள்ளைகள் வகுப்பில் நிச்சயம் இருப்பார்கள். வட்டமாக நின்று, ஒரு அடி உள்ளே, ஒரு தட்டு, ஒரு அடி வெளியே. கும்மியில் முன்வரிசை, பின்வரிசை என்று எதுவும் கிடையாது என்பது பெரிய வசதி. கூச்சப்படுகிற பிள்ளையும் உள்ளே வந்துவிடும். நடக்க முடியாத குழந்தை உட்கார்ந்தபடியே தட்டிக்கொண்டு அதே வட்டத்தில் இருக்கலாம்.

'ஆட்டமெல்லாம் பொம்பளைப் பிள்ளைக்கு' என்று பையன்கள் ஒதுங்கினால் ஒயிலாட்டம் கைகொடுக்கும். கையில் துணியுடன் வரிசையாக ஆடும் இது காலங்காலமாக ஆண்கள் ஆடிய ஆட்டம். ஆளுக்கொரு கைக்குட்டை போதும். கோலாட்டத்தை மூன்றாம் வகுப்புக்கு மேல் வைத்துக்கொள்ளலாம். அதற்கு முன் கம்பு கொடுத்தால் பக்கத்துப் பிள்ளையின் விரல்தான் பதம் பார்க்கப்படும்.

பறை வேண்டாமா?

பேசத் தயங்கும் கேள்வி இது. பறை என்றதும் 'அது எதுக்கு ஸ்கூல்ல' என்று முகம் சுளிக்கும் பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். காரணம் சாதி; வேறெதுவும் இல்லை. மதுரை அலங்காநல்லூரைச் சேர்ந்த பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. அடித்துக்கொண்டே அடவு போட்டு ஆடும் கலை அது. தாளத்தைக் காலில் இறக்க இதைவிட நேரடியான வழி குறைவு. பள்ளி ஆண்டு விழாவில் சினிமாவின் குத்துப் பாட்டுக்கு இடம் கொடுத்துவிட்டு, அந்தப் பாட்டில் கேட்கும் பறையடிக்குக் கதவைச் சாத்துவது விநோதம்தான்.

பரதநாட்டியம் எப்போது?

பாலசரஸ்வதி 1925இல் ஏழு வயதில் அரங்கேறினார் என்பதைப் பல பெற்றோர் உதாரணம் காட்டுவார்கள். உண்மைதான். ஆனால் அவர் வீணை தனம்மாளின் பேத்தி; சுற்றிலும் சங்கீதம்; குரு கந்தப்ப பிள்ளையிடம் கடும் பயிற்சி. வாரம் இரண்டு வகுப்பு போகும் பிள்ளைக்கு அது அளவுகோல் ஆகாது.

அரைமண்டியில் முட்டி, பாதம் திரும்பியிருக்கும் பக்கமே போக வேண்டும். முட்டி உள்ளே சாய்ந்தால் பிள்ளைக்கு இன்னும் பலம் வரவில்லை என்று அர்த்தம். அதட்டி உட்கார வைக்கக் கூடாது. சிமென்ட் தரையில் நீண்ட நேரம் தட்டடவு போடுவதும் வேண்டாம். ஏப்ரல் வெயிலில் மைதானத்தில் வெறுங்காலோடு ஒத்திகை வைப்பதைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை.

எங்கே சேர்க்கலாம்?

பசுமலையில் அரசு இசைக்கல்லூரி இருக்கிறது. ஆனால் அது பள்ளிப் படிப்பைத் தாண்டிய பெரிய பிள்ளைகளுக்கு. 5 முதல் 16 வயது வரை என்றால் கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றத்தில் விசாரிக்கலாம். தனியார் வகுப்பில் சேர்ப்பதாக இருந்தால், முதல் நாளே அரங்கேற்றச் செலவைப் பேசுகிறார்களா என்று கவனியுங்கள், பேசினால் யோசியுங்கள். ஒரு வகுப்பு முழுக்க உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள்.

பள்ளியில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்த வருஷம் ஆண்டு விழாவில் எட்டுப் பேரா, வகுப்பு முழுக்கவா? வகுப்பு முழுக்க என்றால் வாடகை டிரெஸ் வேண்டாம் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள். யூனிஃபார்மும் ஒரு கைக்குட்டையும் இருந்தால் ஒயிலாட்டத்துக்குப் போதும்.