நெடுநேர ஒளிப்பதிவும் சப்பிரகமுவாத் தோட்ட மாந்தரும்

1838ஆம் ஆண்டிற் பாரிசு நகரின் தெம்பிள் பெருவீதியை டகெயர் என்பார் உயரத்திலிருந்த சாளரமொன்றினின்று படம் பிடித்தார். வண்டிகளும் மாந்தரும் ஓயாது சென்றுகொண்டிருந்த பகற்பொழுது அது. ஆயினும் படத்தில் வீதி வெறிச்சோடிக் கிடக்கிறது. வெள்ளி பூசிய செப்புத் தகடு ஒளியை வாங்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் வேண்டியிருந்தன. அந்நிமிடங்களில் நடந்து சென்றோர் எவரும் தகட்டில் நிலைக்கவில்லை. சப்பாத்தைத் துடைப்பித்துக்கொண்டு நின்ற ஒருவரே தெளிவாகத் தெரிகிறார். அவர் காலடியிற் குனிந்திருந்த தொழிலாளியோ, உடல் இயங்கிக்கொண்டே இருந்தமையால், மங்கலான நிழலாக எஞ்சினார். அடுத்த ஆண்டு இப்படத்தைக் கண்ட அமெரிக்கரான சாமுவேல் மோர்ஸ், அசைவன பதிவதில்லை என்பதை வியந்து எழுதினார்.

இவ்வியல்பு வீதிக் காட்சிக்கும் விண்மீன் காட்சிக்கும் பொதுவானது. கமெராவின் கண்ணை நெடுநேரம் திறந்துவைத்தால் நிலைத்தது துலங்கும். அசைவது மறையும், அன்றேல் கோடாகும். பெருந்தோட்டத் தமிழர் படங்களிற் பதிந்த வரலாற்றை இதனோடு இணைத்து நோக்குதல் பயனுடையது. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களைக் கொண்ட சப்பிரகமுவா அதற்குப் பொருத்தமான களமாகும். மலையகம் என்றதும் ஹட்டனும் நுவரெலியாவும் நினைவுக்கு வருமளவுக்கு, இறப்பர் மரங்களுக்கிடையே, சிங்களக் கிராமங்களை அடுத்துச் சிதறி வாழும் இத்தோட்ட மக்கள் எவர் நினைவுக்கும் வருவதில்லை.

பலாங்கொடையிலிருந்து வடக்கே மலைத்தொடரைத் தாண்டினால் பொகவந்தலாவை. அங்குள்ள புனித மரியாள் ஆலய வளவில் யூலியா மார்கரெட் கமரன் அடக்கஞ்செய்யப்பட்டுள்ளார். இங்கிலாந்தின் தலைசிறந்த நிழற்படக் கலைஞருள் ஒருவரான இவர் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879 சனவரி 26ஆம் நாள் காலமானார். இவருடைய கணவர் சார்ள்ஸ் ஹே கமரன் வரலாற்று மாணவர்க்கு அறிமுகமானவரே. கோல்புறூக் – கமரன் ஆணைக்குழுவின் கமரன் இவர். அக்குழுவின் விசாரணையை ஒட்டி 1832இல் இராசகாரியம் என்னும் கட்டாய உழைப்புமுறை ஒழிக்கப்பட்டது. பின்னர் அதே கமரன் இலங்கையிற் கோப்பித் தோட்டங்களை வாங்கினார். இராசகாரியம் நீங்கிய நாட்டிலே தோட்டங்களுக்கு வேண்டிய உழைப்பு, கங்காணிமார் வழியாகத் தமிழகத்திலிருந்து கடன்பட்டு வந்தது. ஒழித்தவரும் வாங்கியவரும் ஒருவராயிருந்தமையை வரலாற்று நூல்கள் ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன.

யூலியா கமரன் கையாண்டது ஈரக் கொலோடியன் முறை. கண்ணாடித் தகட்டில் மருந்தைப் பூசி, அது காயுமுன் படம்பிடித்து, காயுமுன் கழுவியும் ஆகவேண்டும். குளிர்நாட்டிலேயே இதற்குக் கிடைத்த அவகாசம் சிறிது. களுத்துறையின் வெப்பத்தில் அது மேலும் குறுகியிருக்கும். அந்தச் சிறிய அவகாசத்துள்ளும் அவர் தம்முன் அமர்ந்தோரைச் சில நிமிடங்கள் அசையாதிருக்கச் செய்தார். இங்கிலாந்தில் அவ்வாறு அமர்ந்தோருள் தெனிசனும் வானியலறிஞர் சேர் யோன் ஹேர்ச்சலும் அடங்குவர். ஹேர்ச்சல் 1834 முதல் 1838 வரை நன்னம்பிக்கை முனையிலிருந்து தென்வானத்தை ஆராய்ந்தவர். படத்தை அழியாது நிலைநிறுத்தும் ‘ஹைப்போ’ உப்பின் பயனை உலகுக்கு அறிவித்தவர். கமரனின் நெடுநாள் நண்பர். 1867இற் பிடிக்கப்பட்ட அவருடைய படம் அவர் பெயராலேயே அறியப்படுகிறது.

இலங்கையிற் பிடிக்கப்பட்டவற்றுள் எஞ்சியுள்ளவை ஏறத்தாழ முப்பதே. அவற்றிற் காணப்படும் கிராமத்தவருக்கும் தோட்டத் தொழிலாளருக்கும் பெரும்பாலும் பெயரில்லை. ‘களுத்துறைக் குடியானவர் கூட்டம்’ என்பது போன்ற தலைப்புகளே உள்ளன. 1877இல் அவரைச் சந்தித்த ஓவியர் மரியன் நோர்த் தம் நினைவுநூலில் ஒரு செய்தி கூறுகிறார். ஒருவருடைய முதுகின் அழகிலே மனம் பறிகொடுத்த கமரன், அவரைத் தோட்டக்காரராக வைத்துக்கொள்ளும்படி மகனை வற்புறுத்தினாராம். வீட்டிலோ தோட்டமே இல்லை. நகைப்புக்குரிய செய்திதான். ஆயினும், அசையாது நிற்பதே ஒருவருக்கு வேலையாகிவிட்டது என்பதும் அதனுள் இருக்கிறது.

ஈரத் தகட்டால் இரவு வானை நெடுநேரம் பதிய இயலாது. தகடு முதலிற் காய்ந்துவிடும். 1850இல் அமெரிக்காவின் ஹாவாட் வானாய்வகத்தில் பொண்ட், விப்பிள் ஆகியோர் டகெயர் தகட்டை 100 செக்கன் திறந்துவைத்து வேகா விண்மீனைப் பதிந்தனர். மங்கலான விண்மீன்களுக்கு அது போதவில்லை. 1871இல் மடொக்ஸ் அறிமுகப்படுத்திய செலற்றீன் உலர்தகடு செம்மையுற்ற பின்னரே நிலைமை மாறிற்று. 1882இல் நன்னம்பிக்கை முனையில் டேவிட் கில், வால்வெள்ளியொன்றை நெடுநேரம் பின்தொடர்ந்து பதிந்தபோது, அதன் பின்னணியில் எண்ணற்ற விண்மீன்களும் தகட்டில் விழுந்தன. அதன் விளைவாக 1887இற் பாரிசில் வகுக்கப்பட்ட அனைத்துலக வான்படத் திட்டத்தில் ஐதராபாத்தின் நிசாமியா வானாய்வகமும் பின்னர்ப் பங்குகொண்டது.

இதே உலர்தகடுதான் பகலொளியிற் கணப்பொழுதுப் படத்தையும் இயல்வித்தது. இனி எவரும் நிமிடக்கணக்கில் உறைந்து நிற்கவேண்டியதில்லை. இக்காலத்திலேதான் சப்பிரகமுவாவில் இறப்பர் பரவிற்று. 1876இல் ஹெனரத்கொடைக்கு வந்த கன்றுகளின் வழித்தோன்றல்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் களனிப் பள்ளத்தாக்கையும் இரத்தினபுரிச் சரிவுகளையும் மூடின. ஆர்னல்ட் ரைற் பதிப்பித்து 1907இல் வெளிவந்த இலங்கை பற்றிய பெருநூலில் தோட்டங்களின் படங்கள் நிறைந்துள்ளன. பங்களா, தொழிற்சாலை, துரைமார் ஆகியவற்றுக்குப் பெயருண்டு. தொழிலாளர் ‘கூலிகள்’ என்ற பொதுச்சொல்லுள் அடங்கினர். பால் வெட்டும் கையை வெட்டும்போதே பிடிக்க வல்ல கமெரா வந்தபின்னும், தொழிலாளர் பிரட்டுக்களத்து ஒழுங்கிலேயே கமெராவின் முன் நிறுத்தப்பட்டனர். அசையாமை முன்பு தகட்டின் தேவை; இப்போது அது தோட்டத்தின் தேவையாயிற்று எனலாம்.

சுதந்திரத்தின் பின் அரசும் அதனையே கேட்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று. அடுத்த ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம், மணமானோர் ஏழாண்டும் மணமாகாதோர் பத்தாண்டும் இடையறாது இந்நாட்டில் வதிந்தமையை நிறுவுமாறு கோரிற்று. தோட்டம் விட்டுத் தோட்டம் மாறியவர்க்கும், ஊருக்குப் போய் மீண்டவர்க்கும் இடையறாமைக்குச் சான்று காட்டுவது எளிதன்று. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் சென்றன. உரிமை பெற்றோர் ஏறத்தாழ 134,000 பேரே. 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்கீழ்த் தாயகம் திரும்புவோர் எனப் பெயரிடப்பட்டுக் கப்பலேறியவர்களின் முகங்கள் கடவுச்சீட்டுக்காகப் படம்பிடிக்கப்பட்டன. அப்படங்களுக்குக் கீழே பெயர்கள் இருந்தன. எஞ்சியோரின் சிக்கல் சட்டத்தளவில் தீர 2003 வரை காத்திருக்கவேண்டியிருந்தது.

இனி இரவு. இரத்தினபுரி நிலநடுக்கோட்டுக்கு ஏழு பாகைக்குட்பட்ட வடக்கில் உள்ளது. ஆதலின் துருவ விண்மீன் அடிவானத்துக்கு மேல் ஏழு பாகையளவே எழும். வடக்கிலுள்ள குன்றும் மரமும் அதனை மறைத்துவிடும். ஐரோப்பியர் படங்களில் விண்மீன்கள் துருவத்தைச் சுற்றி வளையம் வளையமாகச் சுழல்வதைக் காண்கிறோம். இங்கோ கிழக்கு நோக்கித் திறந்துவைத்த கமெராவில் அவை ஏறத்தாழச் செங்குத்தான நேர்கோடுகளாக ஏறும், மணிக்குப் பதினைந்து பாகை வீதம். மழை மிகுந்த இம்மாவட்டத்தில் தெளிந்த வானம் அரிது. சனவரி முதல் மார்ச்சு வரையே ஓரளவு கிடைக்கும். திசெம்பர்ப் பூரணைக்கும் வெசாக் பூரணைக்கும் இடைப்பட்ட சிவனொளிபாதமலைப் பருவத்துள் அம்மாதங்கள் அடங்குவது நல்வாய்ப்பாகும்.

1870இல் வில்லியம் ஸ்கீன் தம் நூலில் விரித்துரைத்த யாத்திரைப் பாதை, கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாபத்தலை வழியாக மலைக்குச் செல்வது. இன்று பலரும் நாடும் ஹட்டன் பாதையிலும் இது நீண்டது, கடினமானது. சுற்றுவட்டத் தோட்ட மக்கள் சிவனின் அடிச்சுவடாகக் கருதி இதில் ஏறுவர். மரங்கள் விலகும் ஓரிடத்தை நோக்கிக் கமெராவை அரைமணிநேரம் திறந்துவைத்தால், மேலே விண்மீன்கள் ஏழரைப் பாகை நீளக் கோடுகளாகும். கீழே கைவிளக்கோடு ஏறுபவரின் உடல் டகெயரின் வீதியிற்போலவே பதியாது. விளக்கு மாத்திரம் மரங்களுக்கிடையே விட்டு விட்டு நெளிந்தேறும். ஓரிடத்தில் அவர் இளைப்பாறி நின்றிருந்தால், அங்கே ஒளி சற்றுத் தடித்துத் தெரியும்.